ஏழைக்கென்று ஒரு தானியம் உண்டா?

எந்தப் பயிரை விதைப்பது என்பது உழவரின் கேள்வி; இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் எண்ணலாம். மண்ணின் தன்மையையும் மழையின் போக்கையும் சந்தை நிலவரத்தையும் அறிந்தவர் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இது என்பது உண்மையே. தம் வீட்டுக்காக விதைப்பவருக்கு அவருடைய நாவே நீதிபதி. விற்பதற்காக விதைப்பவருக்குச் சந்தை விலை நீதிபதி. தேர்வு தவறிப்போனால் அடுத்த பட்டத்தில் இவ்விரு நீதிபதிகளும் அவரைத் திருத்திவிடுவர். பிறர் பசிக்காக ஒருவர் விதைக்கும்போதோ நிலைமை மாறிவிடுகிறது. விதைப்பவர் வேறு, உண்பவர் வேறு. கொடுத்ததை வாங்கிக்கொள்பவர் பெரும்பாலும் குறை கூறுவதில்லை, கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே தவறு நேர்ந்தாலும் அது கொடுத்தவருக்குத் தெரியவருவதில்லை. இத்தகைய இடத்தில் தீர்ப்புக் கூற மனச்சான்று ஒன்றே எஞ்சி நிற்கிறது. அதனால்தான் இதை நாம் சிந்திக்க எடுத்துக்கொள்கிறோம்.

நம் பங்குகள் பலவற்றில் ஆலயத்தைச் சுற்றியோ கல்லறைத் தோட்டத்தை அடுத்தோ ஓரிரு ஏக்கர் நிலம் உண்டு. யாரோ ஒரு முன்னோர் காணிக்கையாக எழுதிவைத்த நிலம் அது. சில இடங்களில் அதில் தென்னை நிற்கிறது. சில இடங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அத்தகைய ஒன்றரை ஏக்கரை ஊரிலுள்ள வறிய குடும்பங்களின் உணவுக்கெனப் பயிரிட ஒரு பங்குப் பேரவை முடிவு செய்வதாகக் கொள்வோம். அன்றே மூன்று கருத்துகள் எழும். நெல் போடுவோம், பசிக்குச் சோறுதானே வேண்டும் என்பார் ஒருவர். வாழையோ மல்லிகையோ போட்டு விற்றுப் பணமாகக் கொடுத்துவிடுவோம், அவரவர் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும் என்பார் மற்றொருவர். செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண் எழுந்து, பிள்ளைகள் வெளுத்துப்போய்க் கிடக்கிறார்கள், சத்துள்ள பயிராகப் பார்த்துப் போடுவோம் என்பார். மூன்றிலும் நியாயம் உண்டு. அவற்றை எடைபோடும் தராசு எது என்பதே நம் கேள்வி.

எது பசி?

முதலில், நாம் தணிக்க விரும்பும் பசி எத்தகையது என்று கேட்டாக வேண்டும். ஒரு காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிது: அடுப்பு எரியாத வீடு பசித்த வீடு. இன்றைய தமிழகத்தில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை வெறுமையாக விடுவதில்லை. இவை எளிய செயல்கள் அல்ல. உணவு அளிப்பதை உயிர் அளிப்பதாகவே கண்ட நம் மரபுக்கு இவை உகந்தவை.

இருந்தும், 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு நமக்குக் கூறுவதென்ன? தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட சிறு குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு அதே நிலை. அவ்வயதுக் குழந்தைகளில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இன்றி வளர்கிறது. இரத்தசோகைக்குக் குடற்புழு போன்ற பிற காரணங்களும் உண்டு. ஆயினும் தட்டில் இருக்க வேண்டியவை இல்லாமற்போவது அதற்கு ஒரு பெருங்காரணம் என்பதை மறுக்க இயலாது.

வயிறு நிறைந்திருக்க உடல் வாடியிருக்கும் இந்நிலையை மறைந்திருக்கும் பசி என்று அழைக்கின்றனர். வயிற்றுப் பசி குரல் எழுப்பும், இது எழுப்புவதில்லை. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கும். படித்தது நினைவில் நில்லாது. பேறுகாலத்தில் உயிருக்கே இடர் விளையும். தீட்டிய அரிசி ஆற்றலைத் தரும் நல்லுணவு. ஆயினும் அதன் 100 கிராமில் 10 மில்லிகிராம் அளவே கால்சியம் உண்டு. அதே எடையுள்ள கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. அரிசியில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வைட்டமின் ஏ இல்லை. அதன் புரதத்திலும் உடலுக்கு இன்றியமையாத ஒரு கூறு குறைவுபட்டிருக்கிறது. அக்குறையைப் பருப்பும் பயறும் நிரப்புகின்றன.

ஆகவே, அரிசி கிடைக்கும் ஊரில் ஒன்றரை ஏக்கரிலும் நெல்லையே விளைவித்தால் அவ்வீடுகளில் இருப்பதையே நாம் மேலும் கூட்டுகிறோம், இல்லாததை அளிப்பதில்லை. செவிலியப் பெண்ணின் கருத்து இங்கே வலுப்பெறுகிறது. சிறு நிலத்தில் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. மானாவாரி நிலமாயின் ஆடிப்பட்டத்தில் கேழ்வரகை விதைத்து, சில வரிசைக்கு ஒரு வரிசை துவரையோ மொச்சையோ தட்டைப்பயறோ ஊன்றலாம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மண்ணுக்கும் உரமளிக்கும். வேலியோரம் முருங்கையும் அகத்தியும் நிற்கும். கிணற்றடியில் ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும் சிறுகீரை, அறுக்க அறுக்கத் தழைக்கும் பொன்னாங்கண்ணி, ஓரிரண்டு வரிசை பப்பாளி, கொய்யா, எலுமிச்சை. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே உணவுடன் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நன்கு ஏற்கும். முருங்கைக்கீரையின் சத்து உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து பெரிதும் வீணாகும். ஆகவே பயிரைத் தனித்தனியே தேர்ந்தால் போதாது; ஒரு தட்டில் எவையெவை சேர வேண்டுமோ அவற்றைக் கூட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்துடன் கேள்வி முடிந்தது என்று தோன்றலாம். முடியவில்லை. உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தாயின் கேள்வி

அன்பியக் கூட்டம் ஒன்றில் கேழ்வரகின் சிறப்புப் பற்றிப் பேச்சு எழுந்தது. கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய் நெடுநேரம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் நம்மைப் பார்த்துக் கூறினார்:

“சாமி, கேவுரு நல்லதுன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்கம்மா கூலிக்குப் போன வூட்ல கொல்லப்பக்கம் நிக்க வெச்சுத்தான் கூழு ஊத்துவாங்க. அரிசிச் சோறு தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான். எம் புள்ளைங்க தெனமும் அரிசிச் சோறு துன்னணும்னுதான் நான் பாடுபட்டேன். இப்ப மறுபடியும் கூழக் குடிங்கன்னா எப்படி? கோவிச்சிக்காதீங்க சாமி, பங்களாவுல நீங்க என்னா சாப்பிடுறீங்க?”

உணவியல் நூல்கள் எவற்றிலும் இக்கேள்விக்கு விடை இல்லை. கேழ்வரகும் கம்பும் நம் மண்ணின் பழம்பயிர்கள். ஆயினும் கூலியாள்களுக்கு அவை உணவாக மட்டும் வந்து சேரவில்லை. சாதியின் பெயரால் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, குனிந்த கைகளில் ஊற்றப்பட்ட தாழ்வாகவும் வந்து சேர்ந்தன. அரிசிச் சோறு அவர்களுக்கு ஒரு தானியம் மட்டுமன்று. மற்றவர்களுக்கு நிகராக நடுவீட்டில் அமர்ந்து உண்பதன் அடையாளம். சத்துக் கணக்கு இந்த வரலாற்றை அறியாது. கால்சியத்தின் அளவை மட்டும் கூறி, அரிசியை விட்டுக் களிக்குத் திரும்புங்கள் என்று ஏழையிடம் சொல்பவர், தாம் அறியாமலே அவரை மீண்டும் கொல்லைப்புறத்திற்கு அனுப்பிவிடக்கூடும்.

இதில் ஒரு முரணும் உண்டு. இந்தியா முன்மொழிந்ததன் பேரில் ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமையும் வரகும் அழகிய பொட்டலங்களில் அரிசியைவிட உயர்ந்த விலைக்கு விற்கின்றன. ஏழையின் தானியத்தை வசதி படைத்தவர் விரும்பி உண்கையில் அது நாகரிகம் எனப்படுகிறது. அதே தானியத்தை ஏழைக்குத் தானமாகக் கொடுத்தால் அவருக்கு அது பழைய நினைவு. தானியம் மாறவில்லை, தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே மாறியது. தானியேல் நூலின் தொடக்கத்தில் நான்கு இளைஞர்கள் அரசனின் உணவை மறுத்து மரக்கறியும் நீரும் கேட்டுப் பெற்றுப் பத்து நாள் உண்டு, மற்றவரைவிட நலமாய் விளங்கினர் என்று வாசிக்கிறோம். எளிய உணவின் மேன்மைக்குச் சான்றாக அப்பகுதி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவர்கள் அதைத் தாமே கேட்டனர் என்பதையும் நாம் கவனித்தல் நலம். அதே உணவை அரசன் அடிமைகளுக்கெனத் திணித்திருந்தால் அந்நிகழ்ச்சியின் பொருளே வேறாகியிருக்கும்.

விதையும் அறிவும்

இவ்விடத்தில் இரண்டு எளிய விடைகள் நம்மை அழைக்கின்றன.

முதல் விடை, மக்களுக்குத் தெரியாது, நாம் சொல்லிக்கொடுப்போம் என்பது. பசித்திருப்பவருக்குப் போதிப்பதைவிட உணவளிப்பதே முந்தியது என்று அக்வினாவின் புனித தோமா பிறரன்புச் செயல்களின் வரிசையை ஆராயும்போது கூறியிருக்கிறார். எனவே போதனையோடு தொடங்கும் பிறரன்பு வரிசையைத் தலைகீழாக்குகிறது. அதைவிடவும், மக்களுக்குத் தெரியாது என்ற எண்ணமே பலமுறை பொய்த்திருக்கிறது.

மக்காச்சோளத்தின் வரலாறு இதற்குச் சான்று. நடு அமெரிக்கப் பழங்குடியினர் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து அரைத்தே உண்டனர்; அதனுடன் அவரையையும் பூசணியையும் ஒரே நிலத்தில் வளர்த்தனர். கொலம்பசுக்குப் பின் ஐரோப்பியர் அவ்விதையை எடுத்துச் சென்றனர். சமைக்கும் முறையை விட்டுச் சென்றனர். மிகுதியாக விளையும் அப்பயிர் இசுபெயின், இத்தாலி நாட்டு ஏழை உழவரின் ஒரே உணவாயிற்று. தோல் வெடித்து, வயிறு கெட்டு, மதி கலங்கி மாண்டுபோகும் ஒரு புதிய நோய் அவர்களிடையே பரவியது. 1735இல் இசுபெயின் மருத்துவர் காசால் அதை விவரித்தார். பின்னர் அது பெலாக்ரா எனப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதே நோய் பெருகியபோது பலர் அதைத் தொற்றுநோய் என்றே கருதினர். 1914 முதல் அதை ஆராய்ந்த மருத்துவர் கோல்டுபெர்கர், அநாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்கச் செய்து நோயை அகற்றிக் காட்டினார். சுண்ணாம்பு நீரில் வேகும்போது மக்காச்சோளத்தில் சிறைப்பட்டிருக்கும் நயாசின் என்ற வைட்டமின் விடுபடுகிறது என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. அப்பழங்குடிப் பெண்களுக்கு வைட்டமினின் பெயர் தெரியாது; செய்முறை தெரிந்திருந்தது. விதையைக் கைக்கொண்டு, அதை உண்டவரின் அறிவைப் பொருட்படுத்தாததற்கு ஏழைகளே விலை கொடுத்தனர்.

நம் அருகிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942இல் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த இன்றைய குமரி மாவட்டத்து மக்கள் பலரைக் காத்தது அக்கிழங்கே. மரச்சீனி வயிற்றை நிரப்பும். ஆயினும் அதில் புரதம் மிக அற்பம். அது மட்டுமே உணவாயின் குழந்தைகள் மெலிந்துவிடுவர். கடலோர மக்களோ அதை மீனோடு சேர்த்தே உண்டனர். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டி அதிலுள்ள நச்சையும் அகற்றினர். எந்த உணவியலாரும் வந்து கற்பிப்பதற்கு முன்பே அவர்தம் அடுக்களை தன் விடையைக் கண்டுபிடித்திருந்தது.

இரண்டாம் விடை, அவர்கள் கேட்பதைக் கொடுப்போம், நமக்கென்ன என்பது. இது பணிவு போலத் தோன்றும். உண்மையில் பொறுப்பிலிருந்து விலகுதல். சோறு கேட்ட கைக்கு மேலும் சோற்றை வழங்கிவிட்டு, இரத்தம் குறைந்து தலைசுற்றும் சிறுமியைக் காணாமல் செல்வது அன்பாகாது. பணமாகக் கொடுத்துவிடுவோம் என்ற கருத்து அவர்களின் உரிமையை மதிக்கிறது. ஆனால் கடன் சூழ்ந்த வீட்டில் கைக்கு வரும் பணம் முதலில் வட்டிக்குப் போகும். கீரையாகவும் பயறாகவும் மாறுவது அரிது. அறிந்தவர் வாய்மூடி இருப்பதும் அறிந்ததைத் திணிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை எனினும், ஒரு வகையில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் எதிரில் நிற்பவரோடு உரையாடல் இல்லை.

வயலின் ஓரம்

மறைநூலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அது நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. அறுவடைச் சட்டங்களுக்குள் இருக்கிறது. லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் நில உடைமையாளருக்குக் கட்டளையிடுகின்றன: வயலின் ஓரம்வரை அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை. ஏழையின் உரிமையை நிலைநாட்டும் சட்டமாக இதை நாம் விளக்கி வந்திருக்கிறோம். அதில் உணவைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது. வயலின் ஓரத்தில் நிற்கும் கதிரும் நடுவில் நிற்கும் கதிரும் ஒன்றே. உடைமையாளரின் களஞ்சியத்திற்குச் செல்லும் தானியம் எதுவோ, அதுவே ஏழையின் மடியிலும் விழுகிறது. ஏழைக்கென்று தனியே ஒரு மட்டமான விதையை எவரும் அங்கே விதைப்பதில்லை. மேலும், ஏழை கையேந்தி நிற்பதில்லை. தாமே வந்து, தம் கையால் அறுத்துச் செல்கிறார்.

ரூத்து நூல் இச்சட்டத்தை ஒரு வாழ்க்கையாகக் காட்டுகிறது. அவர் பொறுக்கியது வாற்கோதுமை. அன்று அது விலை குறைந்த தானியம். சமாரியா முற்றுகையின் முடிவில் மாவுக்கும் வாற்கோதுமைக்கும் கூறப்படும் விலையை ஒப்பிட்டால், பின்னது பாதி விலையே. ஆனால் போவாசு அவரைத் தம் அறுவடையாளர்களோடு அமர்த்தி, அவர்கள் உண்டதையே உண்ணச் செய்கிறார். ஒரே பந்தியில் அமர்ந்தபோது மலிவான தானியம் தாழ்வின் அடையாளமாக இல்லாமற்போயிற்று. யோவான் நற்செய்தியில் சிறுவன் ஒருவனிடமிருந்த அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்களே. உடன் இரண்டு மீன்கள். கடலோரத்து மரச்சீனியும் மீனும் போல, ஏழை வீட்டு அறிவு கட்டிக்கொடுத்த உணவு அது. ஆண்டவர் அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதையே பெற்று, நன்றி கூறி, அனைவரையும் அமரச் செய்து பகிர்ந்தார். மண்ணுலகின் நலன்கள் அனைவருக்கும் உரியவை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் போதித்தபோது, இத்தகைய பந்தியையே சமூகத்தின் அளவாக நம்முன் வைத்தது எனலாம்.

இதிலிருந்து நம் ஒன்றரை ஏக்கருக்குச் சில தெளிவுகள் கிடைக்கின்றன.

கொடுப்பவர் உண்ணாததை ஏழைக்கென விதைக்கலாகாது. பங்கு நிலத்துக் கேழ்வரகு பங்குத்தந்தை இல்லத்து மேசையிலும் பேரவை உறுப்பினர் வீடுகளிலும் இடம்பெறட்டும். திருவிழா அன்று ஊர் முழுவதும் உண்ணும் பந்தியில் அது பரிமாறப்படட்டும். அப்போது அது ஊரின் உணவாகும். பங்களாவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற அத்தாயின் கேள்விக்கு வேறு விடை இல்லை.

எதையும் பறித்துக்கொண்டு கொடுக்கலாகாது. பாடுபட்டுப் பெற்ற சோற்றை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றோடு சேருபவற்றை விளைவிக்கலாம். பருப்பும் கீரையும் முருங்கைக்காயும் பழமும் அரிசியோடு போட்டியிடுவதில்லை. அதை நிறைவு செய்கின்றன. கேழ்வரகு வேண்டுவோர் எடுத்துக்கொள்ளட்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியபோதும், விரும்பியவர்க்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு என்றே வகுத்தனர். அந்த ‘விரும்பியவர்க்கு’ என்ற சொல்லில் ஓர் அறம் இருக்கிறது.

சமைப்பவரின் கையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சாமை, வரகு, தினை ஆகியவற்றின் உமியை நீக்குவது கடினம். அருகில் அரவை வசதி இல்லாவிடில் அந்த உழைப்பு முழுவதும் ஏற்கெனவே களைத்திருக்கும் பெண்ணின் தோளில் விழும். கேழ்வரகுக்கு அத்தகைய உமி இல்லை, அப்படியே மாவாக்கலாம். கட்டியான மொச்சையை வேகவைக்க விறகோ எரிவாயுவோ மிகுதியாகச் செலவாகும். சத்து அட்டவணையில் இவற்றிற்கு இடமில்லை. அடுப்படியில் நிற்பவரைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

பசிக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. காவிரிப் படுகையில் தை அறுவடைக்குப் பின் அடுத்த நடவுவரை கூலி வேலை அரிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்தந்த ஊரின் வெறுமையான மாதங்களில் எது பறிப்புக்கு வரும் என்று பார்த்து விதைக்க வேண்டும். நிறைந்த மாதத்தில் குவியும் விளைச்சல் நம் அறிக்கைகளை அலங்கரிக்குமேயன்றி ஏழையின் வெறுமையைத் தீர்க்காது.

ஒரே பயிரை நம்பியிருத்தலும் ஆகாது. அயர்லாந்து நாட்டின் ஏழைக் கத்தோலிக்க உழவர்கள் துண்டு நிலத்தில் மிகுதியாக விளையும் என்பதற்காக உருளைக்கிழங்கை, அதிலும் பெரும்பாலும் ஒரே வகையை, நம்பி வாழ்ந்தனர். மோரோடு சேர்ந்த அக்கிழங்கு சத்துக் குறைந்த உணவன்று. ஆயினும் 1845இல் ஒரு பூசண நோய் அவ்வொரு பயிரைத் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டுகளில் அந்நாட்டின் தானியம் கப்பலேறிச் சென்றுகொண்டுதான் இருந்தது. ஏழைக்கு ஒரு பயிர், சந்தைக்கு வேறு பயிர் என்று நிலம் பிரிந்துவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடைசித் தட்டு

இவை அனைத்தையும் செய்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நம் பயிர் யாரைச் சென்றடைகிறது? பையில் வாங்கிச் சென்ற குடும்பத்தை என்று நாம் கூறுவோம். ஆனால் குடும்பம் உண்பதில்லை. குடும்பத்தில் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக உண்கின்றனர். உழைத்து வந்த ஆண் முதலில் உண்கிறார், பின்னர் பிள்ளைகள், அவர்களிலும் பல வீடுகளில் ஆண்பிள்ளைக்கு முதலிடம். தாய் கடைசியில் அமர்கிறார். அப்போது பானையில் சோறு இருக்கும். குழம்பில் காய் இருக்காது, கிண்ணத்தில் பருப்பு இருக்காது. ஆய்வு கூறும் அந்த 53.4 விழுக்காடு பெரும்பாலும் அந்தக் கடைசித் தட்டுகளின் கணக்கு. சிறிதாக, விலையுயர்ந்ததாக, எண்ணி வைக்கத்தக்கதாக இருக்கும் எதுவும் அங்கே சென்று சேர்வதில்லை. தாராளமாகக் கிடைக்கும் கீரை, கை நிறையப் பறித்து வரும் முருங்கை, கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் தட்டைப்பயறு போன்றவை சென்று சேரக்கூடும். பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது சத்தின் அளவோடு, வீட்டில் கடைசியாக உண்பவர்வரை மிஞ்சி வருமா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எல்லாவற்றையும் பயிரே செய்துவிடாது. யார் முதலில் அமர்வது என்பதை எந்த விதையும் மாற்றாது. அதை நம் இல்லங்களில் நாமே மாற்றியாக வேண்டும். அனைவரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் பலிபீடத்திலிருந்து வீடு திரும்பும் நாம், அடுக்களையில் ஒருவரை மட்டும் எஞ்சியதற்குக் காத்திருக்கச் செய்வது எவ்வாறு பொருந்தும்? பங்கு நிலத்தில் விதைப்பதற்குமுன் பேரவை கூடும்போது, இதுவரை கடைசியாக உண்டு வந்த பெண்கள் முதலில் பேசட்டும். அவர்கள் எந்தப் பயிரின் பெயரைச் சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு நாம் ஏர் பூட்டலாம்.